மழலைத் தமிழை ஆராய்ந்த கணினி அறிஞர்



அண்மையில் பினாங்கில் நடந்த பல்கலைக்கழகச் செயற்கை நுண்ணறிவு ஆய்வரங்கு ஒன்றில் இருபது நிமிடம் பேசும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. குழந்தையும் இயந்திரமும் மொழி கற்பது பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி கற்பிக்கும் எனக்கு அங்கே என்ன வேலை என்று முதலில் தயங்கினேன். பிறகு, நம்மவர் ஒருவரின் வரலாற்றைச் சொல்லிவிட்டு வருவோம் எனத் துணிந்தேன்.

அவர் பெயர் இரங்கசாமி நரசிம்மன். 1926இல் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று, அமெரிக்காவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1954இல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்கப்பட்ட தொடக்கக் கணினிகளுள் ஒன்று அவர் தலைமையில் அங்கே உருவாகி, 1960இல் முழுப் பயன்பாட்டுக்கு வந்தது. 1962இல் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார். அதன் நினைவகம் 2,048 சொற்களைக் கொண்டது. அந்தச் 'சொல்' நாம் பேசும் சொல் அன்று. நாற்பது இருமக் குறிகள் அடங்கும் ஒரு சிறு அறை, அவ்வளவே. ஆயினும் எனக்கு உடனே என் வகுப்புப் பிள்ளைகளின் சொல்வளம்தான் நினைவுக்கு வந்தது. ஆசிரியர் புத்தி!

இயந்திரம் செய்தவரின் கவனம் மெல்லக் குழந்தையின் பக்கம் திரும்பியதுதான் இவ்வரலாற்றின் சுவையான பகுதி. இயந்திரத்துக்கு மொழி கற்பிக்க வேண்டுமானால், மனிதக் குழந்தை எவ்வாறு கற்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும் என அவர் கருதினார். தமிழ் பேசும் குடும்பமொன்றில் வளர்ந்த ஒரே ஒரு குழந்தையின் பேச்சு, அதற்கு ஒரு வயது நிறையுமுன் தொடங்கி இரண்டரை வயது தாண்டும்வரை, வீட்டாரின் உரையாடலோடு சேர்த்துப் பதிவு செய்யப்பட்டது. குழந்தை என்ன சொன்னது என்பது மட்டுமன்று, அப்போது பெரியவர்கள் என்ன கேட்டார்கள், என்ன மறுமொழி தந்தார்கள் என்பதும் எழுதப்பட்டது. 1981இல் மொழி நடத்தை பற்றிய அவரது நூல் வெளியாயிற்று. அவருடன் பணியாற்றிய வைத்தியநாதன், தமிழ்க் குழந்தைகள் வினாக்களையும் 'இல்லை', 'வேண்டாம்' போன்ற மறுப்புகளையும் கற்கும் முறை பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். அந்தத் தமிழ்ப் பதிவுகள், 'சைல்ட்ஸ்' என்னும் அனைத்துலகக் குழந்தைமொழித் தொகுப்பில் இன்றும் உள்ளன.

பயிற்சிக் கல்லூரியில் பியாஜேயை மனப்பாடம் செய்தோம். இவர் பெயரை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. 2007இல் அவர் மறைந்தபோதும் எனக்குத் தெரியாது.

பினாங்குக்கும் இத்துறை புதிதன்று. 1980களிலேயே இங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், பிரான்சின் கிரெனோபிள் ஆய்வுக் குழுவோடு இணைந்து, ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு இயந்திர மொழிபெயர்ப்பு முயன்றார்கள். அதையும் ஒரு வரி சொன்னேன். மூத்த பேராசிரியர் ஒருவர் முகம் மலர்ந்தார்.

பேசி முடித்ததும் ஓர் இளம் ஆய்வாளர் எழுந்தார். இன்றைய இயந்திரங்கள் கோடி கோடிச் சொற்களைப் படிக்கின்றன, ஒரே குழந்தையின் பதிவால் என்ன பயன் என்று மலாயில் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரே குழந்தையை வைத்து எல்லாக் குழந்தைகளுக்கும் விதி எழுத முடியாது என்பதை நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால், எண்ணிக்கைதான் காரணமென்றால் என் வகுப்பை எப்படி விளக்குவது? நாள் முழுதும் தொலைக்காட்சித் தமிழ் கேட்டும் ஒரு முழு வாக்கியம் பேச வராத பிள்ளைகள் எனக்கு ஆண்டுதோறும் வருகிறார்கள். பாட்டியோடு வளர்ந்த பிள்ளை, கேட்டது குறைவாயினும், என்னையே குறுக்குக் கேள்வி கேட்கிறது. நரசிம்மனின் பதிவுகளில் குழந்தையின் ஒவ்வொரு சொல்லுக்கும் அருகில் ஒரு மனிதக் குரல் இருந்தது என்றேன்.

அவர் அமர்ந்துவிட்டார். தேநீர் வேளையில் என்னைத் தேடி வந்து, தம் மகளுக்கு இரண்டு வயது என்றும், அவளுக்குத் தாம் பெரும்பாலும் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிடுவதாகவும் கூறினார். பாட்டி எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். பட்டர்வொர்த்தில் என்றார்.