புனைவுலக விளையாட்டு மாந்தரின் உடையும் அதற்குரிய காரணமும்

1. வினா

வீடியோ விளையாட்டுகள் வாணிகப் பொருளாக உலகில் பரவத் தொடங்கி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவற்றுள் ஒரு பெரும் பிரிவு புனைவுலக விளையாட்டுகள் ஆகும். வாளேந்திய வீரரும், மந்திரம் வல்லாரும், தீயுமிழும் டிராகன்களும் அவ்வுலகங்களில் உலவுகின்றனர். இம்மாந்தர்க்கு ஓவியர் அமைக்கும் உடையைப் பற்றி நெடுநாளாக ஒரு வழக்கு நிகழ்ந்து வருகின்றது. போர்க்களம் புகும் பெண்ணொருத்தி இரும்புக் கச்சு மட்டும் அணிந்து, வயிறும் தொடையும் வெளிப்பட நிற்பதற்குக் காரணம் யாது என்று ஒரு சாரார் வினவுவர். டிராகன் பறக்கும் உலகில் உடைக்கு மட்டும் காரணம் கேட்பானேன் என்று மறுசாரார் விடுப்பர். இருசாரார் கூற்றிலும் உண்மை உண்டு, குறையும் உண்டு. இவ்வழக்கின் வரலாற்றை முறையே நோக்கினால் தீர்ப்பும் அதனுள்ளேயே கிடைக்கும் என்பது எம் கருத்து.

'காரணம்' என்னும் சொல் இவ்வழக்கில் மூன்று பொருளில் ஆளப்படுகின்றது. கருவியின் எல்லையால் நேர்வது ஒன்று; கதையினுள் கூறப்படுவது ஒன்று; படைப்போன் விருப்பமாக நிற்பது ஒன்று. இம்மூன்றையும் வேறுபடுத்தாமையே வாதம் நீள்வதற்கு ஏதுவாயிற்று. ஆதலின் இப்பகுப்பை அடிப்படையாகக் கொண்டு ஆராய்வாம். வாளும் மந்திரமும் வழங்கும் உலகங்களோடு, இதே வழக்கு எழுந்த அறிவியற் புனைவுலகங்களும் இங்கு உடன்கொள்ளப்படும்.

2. கருவி தந்த உடை

தொடக்கக் காலத்து விளையாட்டுகளில் உடைக்குக் காரணம் கேட்பார் இலர்; காரணம் கண்ணெதிரே நின்றது. 1981ஆம் ஆண்டு ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ 'டாங்கி காங்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. பின்னாளில் மாரியோ எனப் பெயர் பெற்ற தச்சன் அதிலேயே முதன்முதல் தோன்றினான். அவனை வரைந்த மியாமோட்டோ ஷிகேருவுக்குக் கிடைத்தவை ஒருசில வண்ணப் புள்ளிகளே. அத்துணைச் சிறிய உருவில் வாயை வரைதல் அரிது. எனவே மீசை அமைந்தது. முடி அசைவதைக் காட்டுதல் அரிது; எனவே தொப்பி அமைந்தது. ஓடும்போது கை வீசுவது உடலினின்றும் பிரிந்து தோன்ற வேண்டும். எனவே தோள்பட்டையுடன் கூடிய தொழிலாளர் உடை அமைந்தது. மாரியோவின் கோலம் உலகறிந்த கோலமாயிற்று. அதன் பிறப்பிடம் கருவியின் வறுமையே என்க.

எனினும் அக்காலத்திலேயே வேறொரு போக்கும் தலைகாட்டியது. 1986இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'மெட்ராய்ட்' என்னும் விளையாட்டில் சாமுஸ் ஆரன் என்பவர் முழுக் கவசம் பூண்டு போர் புரிகின்றார். ஆங்கிலக் கையேடு அவரை ஆண்பாலாலேயே சுட்டியது. விளையாட்டை விரைந்து முடித்தார்க்கு இறுதியில் கவசம் நீங்கி, அவர் பெண் என்பது வெளிப்படும். ஒரு மணி நேரத்திற்குள் முடித்தாரேல் நீச்சலுடை போன்ற குற்றுடையில் அவரைக் காண்பர். போரிட்டது பெண் என்று அறிவித்த வகையில் இது ஒரு புதுமை. அவள் உடல் காண்பது வென்றவர்க்குப் பரிசு என்று வைத்த வகையிலோ, இது பின்னாளைய வழக்கின் வித்து. கவசத்திற்குக் கதையில் காரணம் இருந்தது. அதைக் களைந்ததற்கு உரிய காரணம் கதைக்கு வெளியே, காண்போன் இருக்கையில் இருந்தது.

3. இரும்புக் கச்சு வந்த வழி

புனைவுலகப் பெண் வீரர்க்குரிய உடையாகப் பலரும் கருதும் இரும்புக் கச்சு விளையாட்டுகளில் பிறந்ததன்று. அதன் வழியைத் தேடின் அமெரிக்கச் சித்திரக்கதைகளுக்குச் செல்ல வேண்டும். ராபர்ட் ஈ. ஹோவர்ட் என்னும் எழுத்தாளர் 1934இல் வெளியிட்ட ஒரு கதையில் சோனியா என்னும் வீராங்கனை வருகின்றாள். பதினாறாம் நூற்றாண்டில் துருக்கியர் வியன்னா நகரை முற்றுகையிட்ட நிகழ்ச்சியே அக்கதையின் களம். அதில் மந்திரமும் இல்லை, இரும்புக் கச்சும் இல்லை. ராய் தாமஸ் என்பவர் அப்பெண்ணைத் தழுவி, 1973இல் மார்வெல் நிறுவனத்தின் கோனன் சித்திரக்கதையில் 'ரெட் சோனியா' என்னும் பாத்திரத்தைப் படைத்தார். பாரி ஸ்மித் வரைந்த அவ்வுருவம் வளையங்களாலாய இரும்புச் சட்டை அணிந்திருந்தது. அதன் பின்னர் எஸ்டெபான் மரோட்டோ என்னும் ஸ்பானிய ஓவியர் வரைந்த படம் ஒன்றில் அச்சட்டை சுருங்கிக் கச்சாயிற்று. அப்படமே நிலைபெற்றது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கதை வேண்டியதால் அவ்வுடை வரவில்லை. ஓவியர் ஒருவர் விரும்பினார். வாங்குவோர் விரும்புவர் எனப் பதிப்பாளர் எண்ணினர். பின்வந்தோர் மரபு எனக் கொண்டனர். விருப்பம் மரபாகிவிட்டால் அதற்குக் காரணம் கேட்பது வியப்பாகத் தோன்றும். 1988இல் ஜப்பானில் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' மூன்றாம் விளையாட்டுக்குத் தோரியாமா அகிரா வரைந்த பெண் வீராங்கனை ஏறத்தாழ இதே கோலத்தில் நின்றாள். அதைக் கண்ட சிறுவர் பலரும், புனைவுலகில் பெண் போர்வீரர் என்றால் இவ்வாறுதான் இருப்பர் என்று இயல்பாகவே கொண்டிருப்பர்.

4. உலகியற் காரணம் தீர்வாகுமா?

இக்கோலத்தை மறுப்போர் பெரும்பாலும் உலகியலைத் துணைக்கழைப்பர். கவசம் என்பது உயிர்நிலைகளைக் காப்பது. வயிற்றைத் திறந்துவிடும் கவசம் கவசமாகாது என்பர். இவ்வாதம் வலிமை உடையது போலத் தோன்றினும், உண்மையான கவச வரலாற்றின் முன் முழுமையாக நிற்பதில்லை. பண்டை உரோமத் தலைவர் அணிந்த மார்புக் கவசங்கள் ஆடையற்ற ஆண் உடலின் தசைவடிவத்தையே வெண்கலத்தில் காட்டின. இங்கிலாந்தின் மன்னர் எட்டாம் ஹென்றிக்கு 1540இல் செய்யப்பட்டு, இலண்டன் கோபுரத்தில் இன்றும் காணப்படும் கவசத்தில், ஆண்குறியை மறைக்கும் உறுப்பு மிகப் பெரிதாக முன்தள்ளி நிற்கின்றது. மன்னர்தம் ஆண்மையைப் பறைசாற்றுதலே அவ்வளவுக்கு அது பெரிதாக்கப்பட்டதன் நோக்கமாதல் வேண்டும். ஆகவே உண்மை உலகிலும் கவசம் காப்பிற்கு மட்டும் அமைந்ததில்லை, தோற்றத்திற்கும் அமைந்தது. புனைவுலகத்துக் கவசத்தை மட்டும் பயன் என்னும் ஒரே கோலால் அளத்தல் நேரிதன்று.

ஆயினும் இவ்வெடுத்துக்காட்டு இரும்புக் கச்சை நியாயப்படுத்திவிடாது. ஹென்றியின் கவசம் அவர் தம் பெருமைக்காக அவரே அணிந்தது. இங்கு வினா, பயன் உண்டா என்பதினின்றும் விலகி, இக்கோலம் எவர்பொருட்டு என்பதற்கு வந்துவிடுகின்றது.

இதனை விளக்க 2004இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' தக்க சான்றாகும். அதில் கவசம் ஒன்றை வென்று பெறுவோர் தம் பாத்திரத்திற்கு அதை அணிவிப்பர். தொடக்கக் காலத்துக் கவசங்களுள் சில, ஆண் உருவில் காலை முழுதும் மூடின. அதே கவசம் பெண் உருவில் இடுப்பளவில் சுருங்கித் தொடையைத் திறந்துவிட்டது. பொருள் ஒன்று, பெயர் ஒன்று, காப்பின் அளவும் ஒன்று. அணிந்தவர் பால் மாறியதும் இரும்பு குறைந்துவிட்டது. அவ்வுலகின் மந்திரம் எதுவும் இதற்கு ஏதுவாகக் கூறப்படவில்லை. பெண்பாத்திரத்தைத் தேர்ந்து விளையாடிய ஒருத்தி, தான் உழைத்துப் பெற்ற கவசம் தன் உடலில் மட்டும் வேறாவதைக் கண்டு மனம் சுருங்கினால், அவள் புனைவை உணராதவள் என்று கூறலாகுமோ? புனைவின் விதியை உடைத்தவர் அதனைப் படைத்தவரே.

2011இல் வெளிவந்த 'டார்க் சோல்ஸ்' இதற்கு மறுதலை. அங்கு வீரரின் கவசத்தை ஆணும் பெண்ணும் ஒப்பவே அணிவர். தலைக்கவசம் இட்டபின் பால் வேறுபாடு பெரும்பாலும் புலப்படாது. அதே ஆண்டில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஒரு கவசத்தின் காப்பு வலிமையை வைத்துக்கொண்டே அதன் தோற்றத்தை மட்டும் மற்றொன்றன் தோற்றமாக மாற்றிக்கொள்ளும் வசதி அளிக்கப்பட்டது. அன்றே அங்கு உடையும் காப்பும் வேறுவேறாயின. மூடிய உடை விரும்புவோர் அதனைப் பூண்டனர். திறந்த உடை விரும்புவோரும் அவ்வாறே செய்தனர். அணிவோர் தாமே தேர்ந்தபோது காரணம் கேட்கும் தேவை பெரிதும் குறைந்தது என்பது நோக்கத்தக்கது.

5. கதை கூறும் காரணம்

இனி, கதையினுள் காரணம் கூறி உடையை நிலைநாட்ட முயன்ற மூவர் படைப்புகளைக் காண்போம்.

முதலாவது, கொஜிமா ஹிதேயோ இயக்கி 2015இல் வெளிவந்த 'மெட்டல் கியர் சாலிட்' ஐந்தாம் விளையாட்டு. அதில் குவையட் என்னும் பெண், தொலைவினின்று குறிபார்த்துச் சுடுபவள், மிகக் குறைந்த உடையுடன் வருகின்றாள். விளையாட்டு வெளிவருமுன்பே, 2013இல், இவ்வுடை பற்றிக் கண்டனம் எழுந்தது. மறைந்துள்ள காரணத்தை அறிந்தபின் கண்டித்தோர் தம் சொல்லுக்கு நாணுவர் என்ற கருத்தில் கொஜிமா விடையிறுத்தார். வெளிப்பட்ட காரணம் இது: தீப்புண்ணுற்ற அவள் உடலில் ஒட்டுண்ணிகள் செலுத்தப்பட்டன, அவள் தோலாலேயே மூச்சு விடுகின்றாள், உடை மூடினால் மூச்சு முட்டும்.

காரணம் கூறப்பட்டது, ஆயினும் வழக்கு ஓயவில்லை. ஏன்? இதே வரிசையில் 2004இல் வெளிவந்த மூன்றாம் விளையாட்டில், அதே தொழிலுடைய 'தி எண்ட்' என்னும் முதியவர் ஒருவர் உள்ளார். அவர் உடலிலும் ஒட்டுண்ணி உண்டு. ஒளியினின்று ஆற்றல் பெறுதலும் உண்டு. அவரோ உடல் மூடிய உடையுடனேயே கிடக்கின்றார். ஏறத்தாழ ஒத்த ஏது, முதியவரிடத்து ஒரு விளைவும் இளம்பெண்ணிடத்து மற்றொரு விளைவும் தருமாயின், அதனை ஏது என்று கொள்ளுதல் அரிது. உடை முதலில் வரையப்பட்டது, ஏது பின்னர்த் தேடப்பட்டது என்று காண்போர் ஐயுறுவதில் வியப்பில்லை.

இரண்டாவது, 2009இல் வெளிவந்த 'பேயொனெட்டா'. அதன் தலைவி சூனியக்காரி. உடலை ஒட்டிய கருநிற உடை அவள் கூந்தலால் ஆயது. பேருருவங்களை அழைக்க அக்கூந்தலையே அவள் செலவிடுகின்றாள். அப்போது உடை குறைகின்றது. கவர்ச்சி இங்கும் நோக்கமே என்பதை மறுக்க இயலாது. ஆனால் கூறிய காரணம் ஒவ்வொரு போரிலும் தொழிற்படுகின்றது. ஆற்றலுக்கு அவள் கொடுக்கும் விலையாக நிற்கின்றது. காரணத்தை நீக்கினால் விளையாட்டே குலைந்துவிடும்.

மூன்றாவது, யோக்கோ தாரோ இயக்கி 2017இல் வெளிவந்த 'நியர்: ஆட்டோமேட்டா'. அதன் தலைவி 2பி என்னும் இயந்திர உருவினள். போரிடுபவள் உயர்ந்த குதிகாற் செருப்பு அணிவது ஏன் என்று வினவியபோது, தமக்குப் பெண்களைப் பிடிக்கும் என்பதே யோக்கோ அளித்த விடையின் சாரம். போலிக் காரணம் எதனையும் அவர் தேடவில்லை. ஆயின் அவ்வுடையில் ஓர் ஒழுங்கு உண்டு. அவள் படையைச் சார்ந்த ஆண் உருவும் பெண் உருவும் கருநிற உடையும் கண்ணை மறைக்கும் பட்டையும் உடையன. ஆணுருவாகிய 9எஸ் முழங்கால் தோன்றும் குறுங்காற்சட்டையே அணிகின்றான். மறைந்த கண், அவர்தம் உலகின் உண்மையை அவர் அறியாமைக்குக் குறியாகக் கதையில் வளர்கின்றது. இவ்வாறு விருப்பத்தில் பிறந்த கோலம் கதைக்கும் உரியதாயிற்று.

6. முடிபு

நாடக வழக்கு, உலகியல் வழக்கு எனத் தமிழிலக்கண நூலார் வகுத்த பாகுபாடு இங்கு நமக்குக் கைகொடுக்கும். புனைவு உலகியலைத் தாண்டலாம். அது புனைவின் உரிமை. ஆனால் தான் வகுத்த நெறியைத் தானே மீறின், புனைவு நம்பிக்கையை இழக்கும். டிராகன் பறப்பதை நாம் ஏற்பது, அவ்வுலகில் அது எல்லார்க்கும் பறப்பதனால். இரும்பு சிலர்க்கு மட்டும் சுருங்குவதை ஏற்கத் தயங்குவதும் அதே நெறிபற்றியே.

எனவே, புனைவுலக உடைக்குக் கதைக்காரணம் வேண்டியே தீரும் என்பது எமக்கு உடன்பாடன்று. காரணம் கேட்டுக்கொண்டே இருப்பின், கிடைப்பது நல்ல உடை அன்று. ஒட்டுண்ணிக் கதைகள் போன்ற சாக்குகளே பெருகும். மாரியோவின் தொப்பிக்குக் கதையில் காரணம் இல்லை. அதனால் அவனுக்குக் குறையும் இல்லை. ஆனால் படைப்போர் காரணம் ஒன்றைக் கூறிவிட்டால், அது கதையின் உறுப்பாகிவிடும். பிற உறுப்புகளைப் போலவே ஆய்வுக்கும் உட்படும். அக்காரணம் ஆணுக்கும் பெண்ணுக்கும், இளையார்க்கும் முதியார்க்கும் ஒப்ப நிற்றல் வேண்டும். விருப்பமே காரணம் எனின், அதனை விருப்பம் என்றே ஒப்புதல் நேர்மை. அவ்விருப்பத்தை விரும்பவும் வெறுக்கவும் காண்போர்க்கு உரிமை உண்டு என்பதையும் உடன் ஒப்புதல் வேண்டும்.

'டிராகன் குவெஸ்ட்' மூன்றாம் விளையாட்டின் புதுப்பதிப்பு 2024 நவம்பரில் வெளிவந்தபோது, பழைய வீராங்கனையின் திறந்த உடற்பகுதிகள் சில துணியால் மறைக்கப்பட்டிருந்தன. மரபு சிதைந்தது என்று பலர் வருந்தினர். உடை மிகத் திறந்திருப்பின் விளையாட்டுக்குரிய வயதுத் தரம் உயர்ந்துவிடும் என்பதை அதன் ஆசிரியர் ஹோரி யூஜி ஏதுவாகச் சுட்டினார். 1988இல் கதை அவ்வுடையை வேண்டவில்லை. 2024இல் கதை அதனை விலக்கவும் இல்லை. முன்னது வரைந்தோர் விருப்பம். பின்னது விற்போர் தேவை. இரண்டிடத்தும் வினவப்படாதவள் அவ்வீராங்கனையாக நின்று விளையாடும் பெண்ணே. உடையைத் தேரும் உரிமை விளையாடுவோர் கைக்கு வருந்தோறும் இவ்வழக்கு தணிவதை மேலே கண்டோம். புனைவுலக உடைபற்றிய ஆராய்ச்சி இனி அவ்வழியிலும் செல்லுதல் நலம் பயக்கும்.