கிருஷ்ணன்கோவிலில் பிறந்த இதழ்

கும்மிடிப்பூண்டி மின்ரயில் தடத்தில் நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி ஆகியவை அடுத்தடுத்த நிலையங்கள். இவற்றுக்கு வரிசையாக 0, 3, 1, 2 என்று எண் கொடுங்கள். பக்கத்து நிலையங்களுக்கிடையே வித்தியாசம் 3, 2, 1 என வரும். ஒன்றுகூடத் திரும்ப வராது. தடம் எப்படிக் கிளை பிரிந்தாலும், சுற்றி வந்து தன்னோடு சேராதவரை, 0-இலிருந்து எந்த எண்ணும் விடுபடாமலும் திரும்ப வராமலும் இதுபோல் எண்ணிட முடியுமா? 1967-இல் அலெக்சாண்டர் ரோசா எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய கேள்வி இது. எல்லோரும் ஒப்புக்கொண்ட நிரூபணம் இதற்கு இன்னும் இல்லை.

'கிராஃப்' எனும் புள்ளி-கோடு வடிவங்களுக்கான, 'கிரேஸ்ஃபுல் லேபிளிங்' எனப்படும் இந்த எண்ணிடலும் அதன் உறவுக் கணக்குகளும் தமிழ்நாட்டுக் கல்லூரிக் கணிதத் துறைகளில் ஆழ வேரூன்றியவை. ஆய்வகம் வேண்டாம், விலையுயர்ந்த கருவி வேண்டாம். தாளும் பென்சிலும் போதும். அமெரிக்கரான ஜோசப் காலியன் 1998 முதல் புதுப்பித்துவரும் லேபிளிங் தொகுப்புரையைத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் வரிசை வரிசையாக வரும். அவற்றில் சில ஒரே சட்டையைப் பத்து அளவில் தைத்த கட்டுரைகள்தாம். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த மண்ணில்தான், 2004-இல், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிருஷ்ணன்கோவிலில் 'ஏகேசிஇ இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் கிராஃப்ஸ் அண்ட் காம்பினடோரிக்ஸ்' தொடங்கியது. முதல் நான்கு எழுத்தும் அருள்மிகு கலசலிங்கம் பொறியியல் கல்லூரியைக் குறிப்பவை. கல்லூரி பிறகு நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இதழ் பழைய பெயரை விடவில்லை. இதழின் பின்னால் நின்றவர் பேராசிரியர் எஸ். ஆறுமுகம். பி.எஸ்சி. கணிதம் படித்த பலருக்கு 'ஆறுமுகம்-ஐசக்' பாடப்புத்தகமாக அவரை முன்பே தெரியும்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் கல்லூரி ஒன்று சர்வதேச ஆய்விதழ் நடத்துவது சின்ன வேலையில்லை. கட்டுரை வரும், மதிப்பிட ஆள் தேட வேண்டும், அவர் பதில் போட மாதங்கள் ஆகும், திருத்தி, அச்சடித்து, நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். 2015-இல் தயாரிப்பும் இணைய வெளியீடும் எல்சேவியர் என்ற பெரிய பதிப்பு நிறுவனத்தின் கைக்குப் போயின. 2020-இல் அதன் இடத்துக்கு டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் நிறுவனம் வந்தது. இப்போது இதழை உலகில் எங்கிருந்தும் காசு கொடுக்காமல் படிக்கலாம்.

அதே 2020-இல் எல்சேவியரின் புகழ்பெற்ற சேர்ப்பியல் (காம்பினடோரிக்ஸ்) இதழான 'ஜர்னல் ஆஃப் காம்பினடோரியல் தியரி, சீரிஸ் ஏ'யின் ஆசிரியர் குழுவில் பெரும்பாலோர் விலகுவதாக அறிவித்து, 'காம்பினடோரியல் தியரி' என்ற இலவச இதழைத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வெளியீட்டுத் தளம் இருந்தது. பெரிய கம்பெனியை உதறிவிட்டுப் போகவும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது. கிருஷ்ணன்கோவில் இதழுக்கோ, வெளிநாட்டு வாசகரிடம் போய்ச் சேரவே அந்தக் கம்பெனிகள் தேவைப்பட்டன. இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.