கால்கரி நகரமும் பான்ஃப் மலைப் பிரதேசமும்

கனடாவின் மேற்குப் பாகத்திலுள்ள ஆல்பர்ட்டா மாகாணத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் புல்வெளி முடிந்து, ராக்கி மலைத்தொடரின் அடிவாரக் குன்றுகள் தலைதூக்கத் தொடங்கும் இடத்தில், போ நதியும் எல்போ நதியும் சங்கமமாகும் துறையை ஒட்டி, கடல்மட்டத்துக்குச் சுமார் 1,045 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பது கால்கரி நகரம். பிளாக்ஃபுட், ஸ்டோனி நக்கோடா முதலிய ஆதிகுடிகள் தொன்றுதொட்டு வாழ்ந்துவந்த இப்பிரதேசத்தில் 1875இல் வடமேற்குக் குதிரைப் போலீஸார் ஒரு கோட்டை கட்டினர். 1883இல் கனடியப் பசிபிக் ரயில் பாதை வந்து சேர்ந்தது. 1894இல் நகர அந்தஸ்து கிடைத்தது. முதலில் மாட்டுப் பண்ணைகளாலும் பிற்காலத்தில் எண்ணெய்க் கம்பெனிகளாலும் செல்வமெய்திய ஊர் இது. ஆயினும் இங்கு வரும் பிரயாணிகளில் பெரும்பாலோரின் உள்ளம் மேற்கே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பான்ஃப் மலைகளையே நாடி நிற்பதால், நகரத்தில் ஓர் இரவு தங்கிவிட்டு ஓடிவிடுகிறார்கள். இது நகரத்துக்கு இழைக்கும் அநீதி என்பது ஒருபுறமிருக்க, மலையின் சுபாவத்தை அறிந்துகொள்ளவும் தக்க இடம் நகரமே. ஏனெனில் இங்குள்ள காற்று, தெரு, நடைபாதை யாவும் மலையின் சாமீப்பியத்தால் உருவானவை.

முதலில் காற்றைச் சொல்லவேண்டும். பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்று மலைத்தொடரின் மேற்குச் சரிவில் ஏறும்போது தன் நீரை மழையாகவும் பனியாகவும் உதிர்த்துவிட்டு, வறண்ட காற்றாகக் கிழக்குச் சரிவில் இறங்குகையில் அமுக்கத்தினால் ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் ஏறக்குறைய 10 பாகை வெப்பம் பெற்று, சினூக் என்னும் பெயருடன் கால்கரியை வந்தடைகிறது. நடுக்குளிர்காலத்தில் உறைநிலைக்கு வெகு கீழே கிடந்த உஷ்ணநிலை சில மணி நேரத்திலேயே உறைநிலையைத் தாண்டி உயர்ந்து, தெருவிலுள்ள பனி உருகி ஓடுவதும், மறுநாளே மீண்டும் கடுங்குளிர் கவிவதும் இங்கே சர்வ சாதாரணம். மேற்கு வானில் மலைகளுக்கு மேலாக ஒரு மேக வளைவும் அதன் கீழே தெளிந்த நீலப் பட்டையும் தோன்றினால் சினூக் வருகிறதென்று உள்ளூரார் அறிவர். சிலருக்கு அன்று ஒற்றைத் தலைவலியும் வருவதுண்டு. உஷ்ணநிலை இப்படித் திடீரென மாறுவதால் ஒரே தடித்த கம்பளிக் கோட்டை நம்பி வருபவர் அவதிப்படுவார். வெங்காயச் சருகுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, வேண்டும்போது கழற்றக்கூடிய உடைகளே உசிதம். காற்று எக்காலத்திலும் வறட்சியானது. உதடு வெடிக்கும், நாவறளும். ஜூலையில் பகல் பதினாறு மணி நேரத்துக்கும் மேலாக நீளும். டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்குச் சுருங்கும்.

நகரம் வடமேற்கு, வடகிழக்கு, தென்மேற்கு, தென்கிழக்கு என நான்கு பகுதிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. அவென்யூக்கள் கிழக்கு மேற்காகவும் ஸ்ட்ரீட்டுகள் வடக்குத் தெற்காகவும் எண்வரிசையில் செல்வதால் ஒரே எண்ணுள்ள தெரு வெவ்வேறு பகுதிகளில் திரும்பத் திரும்ப வரும்; பகுதியின் பெயரைக் குறித்துக்கொள்ளாமல் டாக்சி ஏறியவர் நகரத்தின் மறுகோடியில் இறங்க நேரிடும். சீ-டிரெயின் என்னும் மின்சார ரயில் 1981 முதல் ஓடுகிறது. நடுநகரின் ஏழாவது அவென்யூவில் மட்டும் அதில் கட்டணமின்றிப் பிரயாணம் செய்யலாம். வடகிழக்கிலுள்ள விமான நிலையத்துக்கு அந்த ரயில் செல்லாது. பஸ்ஸோ டாக்சியோதான் துணை. குளிருக்கு அஞ்சி நடுநகர்க் கட்டிடங்களைத் தெருவுக்குப் பதினைந்தடி உயரத்தில் மூடிய பாலங்களால் இணைத்திருக்கிறார்கள். அவ்வுயரத்தைக் கொண்டே இவ்வமைப்புக்குப் பிளஸ் ஃபிஃப்டீன் என்று பெயர். 1970இல் தொடங்கிய இவ்வேற்பாட்டில் பல கிலோமீட்டர் தூரம் வெளிக்காற்றுப் படாமலே நடக்கலாம். ஜூலையில் பத்து நாள் நடைபெறும் ஸ்டாம்பீட் என்னும் மாட்டுக்காரர் திருவிழா 1912இல் தோன்றியது; அந்நாட்களில் விடுதி அறைகள் அரிதாகவும் விலை மிகுந்தும் இருக்கும். திருவிழாவில் நாட்டமில்லாதவர் அவ்வாரத்தைத் தவிர்ப்பது விவேகம்.

மலைக்குச் செல்லும் டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையில் பான்ஃப் தேசியப் பூங்காவின் வாயிலுக்குச் சற்று முன்னே கான்மோர் என்னும் ஊர் வருகிறது. 1979 வரை நிலக்கரிச் சுரங்க ஊராயிருந்த இது 1988இல் கால்கரி நடத்திய குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்கோட்டப் பந்தயங்களுக்குப் பின் சுற்றுலா ஊராக மாறியது. 1885இல் தோன்றிய பான்ஃப் தேசியப் பூங்கா கனடாவின் முதல் தேசியப் பூங்கா. பரப்பு 6,641 சதுர கிலோமீட்டர். ரயில்வேத் தொழிலாளர் 1883இல் கண்ட வெந்நீரூற்றுகளே அதன் பிறப்புக்குக் காரணமாயின. ஆதிகுடிகள் அவ்வூற்றுகளை வெகு காலத்துக்கு முன்னரே அறிந்திருந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். பூங்காவில் எங்கும் நிற்காமல் நெடுஞ்சாலை வழியே கடந்து செல்பவர் தவிர ஏனையோர் நுழைவுச் சீட்டு வாங்குதல் அவசியம்.

பூங்காவிலுள்ள லூயிஸ் ஏரியையும் மொரேன் ஏரியையும் காணவே உலகம் இங்கே திரள்கிறது. பனியாறுகள் பாறையை அரைத்து மாவாக்கிய நுண்துகள் நீரில் மிதந்து சூரிய ஒளியைச் சிதறடிப்பதால் விளைவதே அந்தப் பச்சை கலந்த நீலம். லூயிஸ் ஏரி நவம்பர் முதல் ஏறத்தாழ ஜூன் தொடக்கம் வரை உறைந்து கிடக்கும். மே மாதத்தில் நிறத்தை எதிர்பார்த்து வருபவர் வெண்மையையே கண்டு திரும்புவர். சற்றேறக்குறைய 1,885 மீட்டர் உயரத்திலுள்ள மொரேன் ஏரிக்குரிய பாதை குளிர்காலம் முழுதும் மூடப்பட்டிருக்கும். 2023 முதல் கோடையிலும் சொந்த மோட்டார்களுக்கு அங்கே இடமில்லை. முன்பதிவு செய்த பஸ்ஸிலோ சைக்கிளிலோதான் போகவேண்டும். வாகன நெரிசலைக் கண்டவர் எவரும் இவ்விதியைக் குறைகூறார்.

வனவிலங்குகள் விஷயத்தில் வேடிக்கை கூடாது. கரடிக்கும் ஓநாய்க்கும் நூறு மீட்டர், எல்க் மானுக்கும் மலை ஆட்டுக்கும் முப்பது மீட்டர் விலகி நிற்கவேண்டும் என்பது விதி. பான்ஃப் ஊர்த் தெருவிலேயே மேயும் எல்க் சாதுவாகத் தோன்றினாலும், குட்டி ஈனும் வசந்தத்திலும் கிடாக்கள் மதங்கொள்ளும் செப்டம்பரிலும் பாய்ந்து வரும். விலங்குக்குத் தீனி கொடுத்தால் இருபத்தையாயிரம் டாலர் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. மலைப்பாதையில் நடப்பவர் பலர் கூடிப் பேசிக்கொண்டு செல்வதும், கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பானை இடுப்பிலேயே வைத்திருப்பதும் நலம். அத்தெளிப்பானை விமானத்தில் கொண்டு செல்ல அனுமதியில்லை. ஊருக்கு வந்தபின் வாங்கி, திரும்புமுன் கொடுத்துவிட வேண்டும். நெடுஞ்சாலைக்குக் குறுக்கே மரஞ்செடிகள் வளர்ந்த ஆறு மேம்பாலங்களும் முப்பத்தெட்டுக் கீழ்வழிகளும் விலங்குகளுக்கென்றே கட்டப்பட்டவை. வேலியுடன் சேர்ந்து அவை விபத்துக்களைப் பெரிதும் குறைத்துள்ளன.

இனிச் சில நடைமுறைக் குறிப்புகள்: ஆல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரி இல்லை. மத்திய வரி ஐந்து சதவீதம் மட்டுமே பில்லில் சேரும், விடுதி வாடகையில் மட்டும் மாகாணத் தீர்வையொன்று கூடும். அவசர உதவிக்கு 911. மின்சாரம் 120 வோல்ட். லூயிஸ் ஏரியிலிருந்து வடக்கே ஜாஸ்பர் என்னும் ஊருக்குச் செல்லும் 232 கிலோமீட்டர் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே, பனியாறுகளை அருகிலிருந்து காட்டும் அற்புதமான சாலையே எனினும், பெரும்பகுதியில் கைபேசித் தொடர்பு கிடைக்காது; நவம்பர் முதல் குளிர்கால டயர்களோ சங்கிலியோ கட்டாயம்; நடுவழியிலுள்ள பெட்ரோல் நிலையம் குளிர்காலத்தில் மூடியிருக்கும். எனவே, வண்டியின் தொட்டியை லூயிஸ் ஏரிக் கிராமத்திலேயே நிரப்பிக்கொண்டு புறப்பட வேண்டும்.