மடிக்கணினியில் புராசசர் மாற்றிய காலம்

மடிக்கணினியின் புராசசரைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் வேகமான வேறொன்றைப் பொருத்துவது ஏறத்தாழ 2000 முதல் 2015 வரை நடைமுறையில் இருந்த வேலை. அதற்கு முன்பு வந்த மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் அது இயலாது. பின்பு வந்தவற்றில் ஒருசில விதிவிலக்குகள் தவிர எதிலும் இயலாது. சென்னையின் மேற்குப் புறநகரில் கணினி பரவலான ஆண்டுகளும் ஏறக்குறைய இவையே. பூந்தமல்லி நெடுஞ்சாலையில், மதுரவாயலுக்கும் பூந்தமல்லிக்கும் இடையே, திருவேற்காட்டுக்குத் திரும்பும் முனையில் இருக்கிறது வேலப்பன்சாவடி. அங்கிருந்து பார்த்தால் இந்த வரலாற்றின் மூன்று தரப்பும் ஒரே வழித்தடத்தில் அமைந்திருப்பது தெரியும்: மேற்கே ஸ்ரீபெரும்புதூரில் கணினித் தொழிற்சாலை, வேலப்பன்சாவடியிலும் அதைச் சுற்றியும் கல்லூரிகள், கிழக்கே நகருக்குள் உதிரிபாகச் சந்தையான ரிச்சி தெரு.

சாக்கெட் வருவதற்கு முன்

மேசைக் கணினியில் புராசசர் மாற்றுவது 1990களிலேயே எளிதாக இருந்தது. நெம்புகோலைத் தூக்கினால் சில்லு கையோடு வந்துவிடும். மடிக்கணினியில் அதற்கு இடமில்லை. 1990களின் நடுவில் மடிக்கணினிக்கென்று வந்த பென்டியம் சில்லுகளை இன்டெல் மெல்லிய படலத்தில் பதித்து விற்றது. அந்தப் படலத்தை நேராக மதர்போர்டில் பற்றவைத்தார்கள். உயரம் குறைந்தது, மாற்றும் வழி அடைபட்டது.

1997-இல் இன்டெல் வேறொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. புராசசர், அதன் துணைச் சில்லு, மின்னழுத்தச் சீராக்கி எல்லாவற்றையும் ஒரே சிறு அட்டையில் அமைத்து ‘மொபைல் மாட்யூல்’ என்று விற்றது. முதல் வகைக்கு 280 முனைகளும் அடுத்த வகைக்கு 400 முனைகளும் கொண்ட இணைப்பான் இருந்தது. மதர்போர்டு வடிவமைப்பில் கடினமான பகுதியை இன்டெல்லே முடித்துக் கொடுத்ததால், மடிக்கணினி நிறுவனங்கள் அட்டையைச் செருகினால் போதும் என்றானது. பெயரளவில் இது கழற்றக்கூடியது என்றாலும் அட்டை பெரியது, கனமானது. 1999 முதல் ஊசி போன்ற கால்கள் கொண்ட சிறிய சில்லுகளும் அவற்றுக்கான சிறிய சாக்கெட்டுகளும் வரத் தொடங்கின. கையால் புராசசர் மாற்றும் காலம் அங்கேதான் தொடங்குகிறது.

சாக்கெட் யாருக்காக

மடிக்கணினி சாக்கெட்டில் நெம்புகோல் கிடையாது. ஓரத்தில் ஒரே ஒரு திருகு இருக்கும். அதை அரைச் சுற்று திருப்பினால் உள்ளே கால்களைப் பற்றியிருக்கும் தகடுகள் நகர்ந்து பிடியை விடும். மீண்டும் அரைச் சுற்று திருப்பினால் இறுகும். உயரம் சில மில்லிமீட்டர்தான்.

இதைப் பார்த்தால் வாங்கியவரின் வசதிக்காகச் செய்ததுபோலத் தோன்றும். உண்மையில் இது தொழிற்சாலையின் வசதிக்காக வந்தது. ஒரு மதர்போர்டு வடிவத்தை ஆயிரக்கணக்கில் முன்கூட்டியே செய்து அடுக்கிவிட்டு, ஆர்டர் வரும்போது அதில் செலரானையோ கோர் 2 டியோவையோ மாட்டி, மூன்று நான்கு விலைகளில் விற்கலாம். மதர்போர்டைவிட விலை அதிகமான புராசசரைக் கடைசி நேரத்தில் வாங்கினால் போதும். அதன் விலை வாரந்தோறும் இறங்கும் தொழிலில் அது பெரிய லாபம். வாடிக்கையாளர் கேட்டபடி கணினியைக் கட்டித் தருவதையே வணிக முறையாகக் கொண்ட டெல் நிறுவனம் 2007-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தது. வேலப்பன்சாவடி வழியாகச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையே அதன் சரக்குப் பாதையும் ஆனது.

இந்தத் தொழிற்சாலை வசதியிலிருந்து ஒரு துணைப் பயன் கிடைத்தது. ஒரே மாடலில் எந்தெந்தப் புராசசர்கள் வேலை செய்யும் என்பதை நிறுவனங்களே பழுதுபார்ப்போருக்கான கையேட்டில் பட்டியலிட்டன. ஹெச்பி, லெனோவா ஆகியவற்றின் கையேடுகளில் உதிரிபாக எண்ணோடு அந்தப் பட்டியல் இருக்கும். விலை குறைந்த மாடலை வாங்கியவர், அதே பட்டியலின் மேல்வரிசையில் இருந்த புராசசரை வேறிடத்தில் வாங்கிப் பொருத்தினால் கணினி அதை மறுக்காது.

தலைமுறைகள்

2003 மார்ச்சில் சென்ட்ரினோ என்ற பெயரோடு வந்த பென்டியம் எம் புராசசர், மடிக்கணினிக்கென்றே புதிதாக வடிவமைக்கப்பட்டது. அதன் சாக்கெட்டுக்கு 479 என்று பெயர். 2006 ஜனவரியில் கோர் டியோ வந்தபோது சாக்கெட் எம், 2007 மே மாதத்தில் சான்டா ரோசா தளத்தோடு சாக்கெட் பி என்று அது மாறியது. எம், பி இரண்டிலும் புராசசருக்கு 478 கால்கள். ஆனால் கால்களின் அமைப்பும் மின்னிணைப்பும் வேறு. ஒன்றில் இருப்பது மற்றொன்றில் சேராது. ஏஎம்டி 2006-இல் 638 கால்கள் கொண்ட எஸ்1 சாக்கெட்டையும், 2011-இல் எஃப்எஸ்1 சாக்கெட்டையும் கொண்டுவந்தது.

இந்தக் காலத்தின் மிகப் பயனுள்ள மாற்றம் 2006-இல் அமைந்தது. ஜனவரியில் வந்த கோர் டியோ டி2300 புராசசரின் வேகம் 1.66 கிகாஹெர்ட்ஸ், கேஷ் நினைவகம் 2 எம்பி. அது 32 பிட் புராசசர். அதே ஆண்டு ஜூலையில் வந்த கோர் 2 டியோ டி7200 அதே சாக்கெட்டில் அமர்ந்தது. அதன் வேகம் 2 கிகாஹெர்ட்ஸ், கேஷ் 4 எம்பி, 64 பிட். வெப்ப அளவு 31 வாட்டிலிருந்து 34 வாட்டுக்குத்தான் ஏறியது; பழைய ஹீட் சிங்க்கே தாங்கும். கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு மாட்டினால் கணினி ஒரு தலைமுறை தாண்டிவிடும். ஆனாலும் அந்தக் கணினிகளின் 945 சிப்செட்டால் (மதர்போர்டின் துணைச் சில்லுகள்) 4 ஜிபி ராமை முழுதாகப் பயன்படுத்த முடியாது. 64 பிட்டின் ஆதாயம் அந்த அளவுக்குக் குறைந்தது.

2010-இல் கோர் ஐ3, ஐ5, ஐ7 வரிசை மடிக்கணினிகளில் பரவியது. கிராபிக்ஸ் சில்லும் புராசசரோடு சேர்ந்துகொண்டது. 2011-இல் சாண்டி பிரிட்ஜ், 2012-இல் ஐவி பிரிட்ஜ், 2013-இல் ஹாஸ்வெல் வந்தன. முதல் இரண்டுக்கும் ஒரே சாக்கெட், ஹாஸ்வெல்லுக்குப் புதியது. இரண்டு கோர் கொண்ட ஐ3-2310எம் இருந்த இடத்தில் நான்கு கோர் ஐ7 வைப்பதே அப்போது எல்லோரும் விரும்பிய மாற்றம். அதற்குத் தடையாக இருந்தது வெப்பம். ஐ3-க்கு 35 வாட், ஐ7-2630கியூஎம்-க்கு 45 வாட். 35 வாட்டுக்குச் செய்த செம்புக் குழாயும் விசிறியும் கூடுதல் சூட்டை வெளியேற்ற முடியாமல், புராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால், நான்கு கோர் இருந்தும் 35 வாட்டில் அடங்கிய ஐ7-3632கியூஎம், ஐவி பிரிட்ஜை ஏற்கும் பயாஸ் உள்ள கணினிகளுக்குப் பொருத்தமான தேர்வானது.

சரக்கு வந்த வழி

புராசசரைத் தனியாகப் பெட்டியில் வாங்குவது மேசைக் கணினி வழக்கம். மடிக்கணினிப் புராசசர் அப்படிச் சில்லறைக் கடைக்கு வருவது அரிது. அது பழைய கணினியிலிருந்து கழற்றப்பட்டே சந்தைக்கு வந்தது. சென்னையில் அந்தச் சந்தை, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் அதைச் சேர்ந்த நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலைப் பகுதிகளும்தான். ரேடியோ உதிரிபாகங்களில் தொடங்கி, டிவி, கேசட், கணினி என்று காலத்துக்கேற்ப சரக்கை மாற்றிக்கொண்ட இடம் அது. தகவல் தொழில்நுட்பப் பொருள்களின் சுங்க வரியை நீக்கும் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தில் இந்தியா 1997-இல் சேர்ந்து, 2005-க்குள் கணினிகளின் வரியைப் படிப்படியாக நீக்கியது. ‘அசெம்பிள்டு’ கணினி வீட்டுப் பொருளாகப் பரவியதில் இதற்கும் பங்கு உண்டு. அதைக் கட்டிக் கற்ற கைகளே பின்னர் மடிக்கணினியையும் திறந்தன.

2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின், சென்னையில் மென்பொருள் நிறுவனங்கள் பெருகின. அவை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணினிகளை மொத்தமாக மாற்றும். அப்படிக் கழிந்தவற்றில் ஓடுபவை ‘செகண்ட்ஸ்’ ஆகவும், ஓடாதவை உதிரிகளாகவும் விற்பனைக்கு வந்தன. மதர்போர்டு செத்துப்போனாலும் புராசசர் பெரும்பாலும் பிழைத்திருக்கும். ‘டெட் போர்டில்’ எடுத்த நல்ல புராசசர் என்பதே இந்த வணிகத்தின் அடிப்படைச் சரக்கு. இதில் ஒரு எச்சரிக்கையும் இருந்தது. விற்பனைக்கு வந்த இன்டெல் சில்லுகளின் மேல் ‘எஸ்எல்’ அல்லது ‘எஸ்ஆர்’ என்று தொடங்கும் குறியீடு இருக்கும். சோதனைக்காக நிறுவனங்களுக்குத் தரப்பட்டவற்றில் ‘கியூ’ என்று தொடங்கும். பின்னதைப் பல பயாஸ்கள் ஏற்பதில்லை.

வாங்கும் தரப்பு சாலையின் மேற்குப் பகுதியில் வளர்ந்தது. வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரியும் மதுரவாயலில் டாக்டர் எம்.ஜி.ஆர். பொறியியல் கல்லூரியும் 1988-இல் தொடங்கின. திருவேற்காடு பக்கம் எஸ்.ஏ. பொறியியல் கல்லூரி 1998-இலும், பூந்தமல்லியை அடுத்து பனிமலர் பொறியியல் கல்லூரி 2000-இலும் வந்தன. பிறகு தமிழக அரசே மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று, வேலப்பன்சாவடி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா அத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களும் அத்தகைய கல்லூரிகளின் மாணவர்களும் இதன் பயனாளிகளாக இருந்தனர். கொள்முதல் எல்காட் நிறுவனத்தின் பொறுப்பாக இருந்தது. சொந்தமாகக் கணினி இல்லாத பல லட்சம் வீடுகளுக்கு முதல் கணினி இப்படி வந்தது. உத்தரவாதக் காலம் முடிந்த பின் அவற்றைத் திறந்து ராம் கூட்டுவதும் ஹார்டு டிஸ்க் மாற்றுவதும் ஊர் ஊருக்கு இருந்த சிறு சர்வீஸ் கடைகளின் அன்றாட வேலையானது.

செய்முறை

புராசசரை வாங்கும் முன் நான்கு பொருத்தங்கள் பார்க்கப்பட்டன: சாக்கெட், சிப்செட், வெப்ப வாட், பயாஸ். நான்கில் ஒன்று தவறினாலும் கணினி திரை காட்டாது. காட்டினாலும் சூட்டில் அணைந்துவிடும். பயாஸைப் பழைய புராசசர் இருக்கும்போதே புதுப்பித்துவிட வேண்டும் என்பது முதல் விதி.

பிறகு சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்தி, எஞ்சிய மின்சாரத்தை வடிய விடுவார்கள். வணிக மாடல்கள் சிலவற்றில் அடிமூடியைத் திறந்தாலே ஹீட் சிங்க் தெரியும். வேறு பலவற்றில் விசைப்பலகை தொடங்கி மேற்பகுதி முழுவதையும் பிரிக்க வேண்டும். ஹீட் சிங்க்கின் திருகுகளுக்கு அருகே எண்கள் பொறித்திருக்கும். அழுத்தம் சமமாகப் பரவுவதற்காக, அந்த வரிசைப்படியே மாட்டுவதும் எதிர்வரிசையில் கழற்றுவதும் முறை. சாக்கெட் திருகை அரைச் சுற்று திருப்பி, புராசசரை நேர் மேலே தூக்க வேண்டும். சாய்த்தால் கால் வளையும். புதியதன் மூலையில் உள்ள சிறு முக்கோணத்தைச் சாக்கெட்டின் குறியோடு பொருத்தி, அழுத்தாமல் வைத்து இறுக்க வேண்டும். காய்ந்த பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, புதிய தெர்மல் பேஸ்டைச் சிறிதளவு வைத்து மூடுவதோடு வேலை முடியும். பல கணினிகளில், புராசசரால் கிடைத்த பயனுக்கு நிகராக, தூசி தட்டிப் பேஸ்ட் மாற்றியதால் சூடு குறைந்த பயனும் கிடைத்தது.

சாக்கெட்டின் முடிவு

2008 ஜனவரியில் வந்த மேக்புக் ஏர், அளவு குறைக்கப்பட்ட கோர் 2 டியோவை மதர்போர்டிலேயே பற்றவைத்திருந்தது. 2011-இல் இன்டெல் ‘அல்ட்ராபுக்’ என்ற மெல்லிய வகையை அறிவித்து, 17 வாட் ‘யூ’ வரிசைப் புராசசர்களை முன்னிறுத்தியது. கால்களுக்குப் பதில் அடிப்பக்கம் முழுவதும் சிறு சால்டர் குண்டுகள் கொண்ட ‘பிஜிஏ’ வகை அவை. சாக்கெட்டின் உயரம் மிச்சமானது, செலவும் குறைந்தது. ஒரே மதர்போர்டில் பல புராசசர் மாட்டும் தேவையும் குறைந்துகொண்டே வந்தது, ஏனெனில் மாடல்கள் தொகுப்பாகவே முடிவு செய்யப்பட்டன. தொழிற்சாலைக்குத் தேவைப்படாத சாக்கெட்டை, வாங்கியவருக்காக மட்டும் வைத்திருக்க எந்த நிறுவனமும் முன்வரவில்லை.

இன்டெல் சாக்கெட் மடிக்கணினிப் புராசசர்களில் கடைசித் தலைமுறை ஹாஸ்வெல். 2014 இறுதியில் தொடங்கிய பிராட்வெல் தலைமுறையில் மடிக்கணினிக்கு வந்தவை எல்லாம் பற்றவைக்கும் வகை. ஏஎம்டியில் 2013-இன் ரிச்லாண்டோடு சாக்கெட் முடிந்தது. இன்டெல் புராசசர்களுக்குப் பெயரின் கடைசி எழுத்துகளே அடையாளம்: ‘எம்’, ‘கியூஎம்’, ‘எம்கியூ’ பெரும்பாலும் சாக்கெட் வகை; ‘யூ’, ‘ஹெச்கியூ’ பற்றவைக்கும் ‘ஆன்போர்டு’ வகை.

சிப் லெவல்

சாக்கெட் போன பின் வேலை சிப் லெவல் சர்வீஸ் கடைகளுக்கு நகர்ந்தது. அந்தத் திறமை ஏற்கெனவே வளர்ந்திருந்தது. 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈயத் தடை நடைமுறைக்கு வந்ததும் உலகெங்கும் மின்னணுப் பொருள்கள் ஈயமற்ற சால்டருக்கு மாறின. ஈயம் கலந்த சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஈயமற்றது ஏறத்தாழ 217 டிகிரியில். சில்லை எடுக்கப் பலகையின் அடியிலிருந்து பரவலாகவும் மேலிருந்து குறியாகவும் சூடேற்றும் பிஜிஏ இயந்திரம் தேவைப்பட்டது. 2008-இல் என்விடியா தன் சில மடிக்கணினிக் கிராபிக்ஸ் சில்லுகளில் பழுது ஏற்படுவதை ஒப்புக்கொண்டது. அத்தகைய பலகைகளைக் காப்பாற்ற, சில்லைத் தூக்கிக் குண்டுகளைப் புதிதாக அடுக்கும் ரீபாலிங் வேலை பெருகியது. அதே இயந்திரத்தில் புராசசரையும் மாற்றலாம். ஆனால் வீட்டில் ஒரு ஸ்குரூடிரைவரால் நடந்த வேலை அல்ல அது. பெரும்பாலும் செத்த புராசசருக்கு அதே எண்ணைத் தேடிப் போடுவதற்கே பயன்படுகிறது. வேகம் கூட்ட முழு மதர்போர்டையோ கணினியையோ மாற்றுவதே மலிவு.

பிற வழிகள் ஒருசிலவே. மேசைக் கணினிப் புராசசரைச் சாக்கெட்டோடு வைத்த கனமான மடிக்கணினிகளை கிளெவோ நிறுவனம் செய்தது. 2019-இல் டெல்லின் ஏலியன்வேர் ஏரியா-51எம் அவ்வாறு வந்தது. 2021-இல் தொடங்கிய ஃபிரேம்வொர்க் மடிக்கணினியில் புராசசரோடு சேர்ந்த மதர்போர்டையே கழற்றி, அடுத்த தலைமுறைப் பலகையை வைக்கலாம். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்துக் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான தளத்தைத் தொடங்கியது. உதிரிபாகமும் கையேடும் கிடைக்கச் செய்வதே அதன் நோக்கம். சாக்கெட் வைக்கச் சொல்வது அதில் இல்லை.

இன்று வாங்கும் பெரும்பாலான மடிக்கணினிகளில் உரிமையாளர் மாற்றக்கூடியவை எஸ்எஸ்டி, பேட்டரி, சிலவற்றில் ராம். ராமும் புராசசரின் வழியிலேயே போகிறது. 2020-இல் ஆப்பிளின் எம்1, 2024-இல் இன்டெல்லின் லூனார் லேக் ஆகியவற்றில் ராம் புராசசரின் தொகுதியிலேயே பதிக்கப்பட்டது. கூடுதல் ராமும் வேகமான புராசசரும் பின்னர் சேர்ப்பவையாக இருந்த நிலை மாறி, வாங்கும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டியவை ஆகிவிட்டன.