வளவிலிருந்து இரண்டு அறைக்கு: ஒரு சாமான் சிட்டையை முன்வைத்து

1

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் முகப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல் என்று ஒரு பட்டியல். பிறகு 'எப்படி வாழ்ந்த வீடு, இப்படி ஆகிப்போச்சே' என்று ஒரு பெருமூச்சு. இந்தப் பெருமூச்சுக்கு ஓர் அரசியல் உண்டு. அதைப் பேச நான் பின்வாசலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. என் அம்மாச்சி அப்படியொரு வீட்டின் மூன்றாங்கட்டில் நாற்பது வருஷம் பாத்திரம் துலக்கியவள். முகப்பு வழியாக அவள் போனதே இல்லை.

2012இல் அந்த வீட்டு ஆச்சி தம் 78ஆம் வயதில், காரைக்குடியில் இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். நான் அப்போதுதான் எம்.ஏ. முடித்திருந்தேன். 'தமிழ் படிச்ச தம்பி, எழுத்து நல்லா இருக்கும்' என்று சாமான் சிட்டை எழுத என்னைக் கூப்பிட்டார். மூன்று நாள் எழுதினேன். அந்தச் சிட்டையை ஒரு வரலாற்றுப் பிரதியாக வாசிக்க முடியுமா என்பதே இங்கு என் கேள்வி.

2

முதலில் வீடு எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். 1852இல் கீழ்பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதிக் கழிமுகம் உலகச் சந்தைக்கான நெல்வயலாக மாறியது. காட்டை வெட்டி வயலாக்கிய பர்மிய உழவனுக்குக் கடன் தேவைப்பட்டது. கொடுக்க நகரத்தார் இருந்தார்கள். அவர்கள் மொழியில் அதற்குக் 'கொண்டுவிக்கப் போதல்' என்று பெயர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆண்கள் மூன்று வருஷக் கணக்குக்குக் கப்பலேறினார்கள். பெண்கள் ஊரில் இருந்தார்கள்.

1930களின் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது. கடனுக்கு ஈடாக நிலம் வந்துகொண்டே இருந்தது. கீழ்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், 1930இல் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலவுடைமை 1937இல் 25 விழுக்காடாயிற்று. ஏழே வருஷத்தில் நாலில் ஒரு பங்கு நிலம். வட்டிக்கணக்கின் இந்தப் பக்கம் தேக்குத் தூண் நின்றது, அந்தப் பக்கம் ஒரு பர்மியக் குடும்பம் தன் வயலிலேயே வாரக்குடியாக நின்றது. தூணின் பளபளப்பைப் பேசுகிற நாம் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942இல் மக்கள் கால்நடையாகத் திரும்பினார்கள். வழியில் செத்தவர்களில் பெரும்பாலோர் செட்டியார்கள் அல்லர், கூலிகள். 1948இல் பர்மா விடுதலை பெற்று, நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் செய்தது. 1962இல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. வீடு நின்றது, வீட்டை நிறுத்திய கணக்கு முடிந்துபோயிற்று.

3

இனி வீட்டுக்குள். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. முகப்பும் பட்டாலையும் ஆண்களுடையவை, கணக்குவழக்கும் அங்கே. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். மணமான ஒவ்வொரு மகனும் ஒரு 'புள்ளி', புள்ளிக்கு ஓர் அறை, ஓர் அடுப்பு. திருமணமான கொஞ்ச காலத்தில் மகனையும் மருமகளையும் 'வேறு வைத்து'விடுவார்கள். ஒரே கூரை, பல உலைகள். கூட்டுக்குடும்பம் என்று நாம் கற்பித்துக்கொள்கிற அந்த ஒற்றைப் பானை அங்கே இல்லை.

அறையில் மருமகளின் சீர் இருக்கும். பித்தளை, வெள்ளி, மங்குச் சாமான், பர்மா மரவை, ஊறுகாய் ஜாடி. சாவி அவள் இடுப்பில். பிறந்த வீட்டுச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கில்லாத காலத்தில் அவளுக்கு வந்து சேர்ந்த சொத்து இதுதான். 1989இல் தமிழக அரசு மகளுக்குச் சம பங்கு தந்து சட்டம் திருத்தியபோதும், அதற்கு முன்பே மணமானவர்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. ஆச்சிக்கு மணமானது 1950இல்.

சிட்டை எழுதியபோது நான் கேட்டேன்:

'இத்தாம் பெரிய வீட்ட விட்டுப் போறது கஷ்டமா இல்லையா ஆச்சி?'

'பெரிய வீட்டுல எங்க தம்பி இருந்தேன்? ஒரு அறைலதான இருந்தேன். இப்ப ரெண்டு அறை.'

இந்தப் பதிலுக்குப் பிறகு 'வீழ்ச்சி' என்ற சொல்லை என்னால் சுலபமாக எழுத முடியவில்லை. வீழ்ந்தது யாருடைய வீடு? விசேஷங்களுக்கும் கௌரவத்துக்கும் கட்டப்பட்ட அந்தப் பரப்பில் அவர் புழங்கிய வெளி ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். தமிழ் இலக்கண வகுப்பில் 'விடு' என்ற முதனிலை திரிந்து 'வீடு' ஆகும் என்று படித்தோம். விட்டுப் போவதைப் பேறு என்று சொன்ன மரபு, விடுவதற்கு முதலில் ஒருவரிடம் ஏதாவது இருந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லித் தரவில்லை.

4

வீடு ஏன் இடிகிறது? பங்கினால். தலைமுறைக்குத் தலைமுறை பங்கு உடைந்து, சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலுமாக முப்பது பேர் கையெழுத்து வேண்டியிருக்கிறது. ஓடு மாற்ற முப்பது பேரும் சம்மதிக்க மாட்டார்கள், விற்கச் சம்மதிப்பார்கள். பிரிக்க முடியாத வீட்டைப் பிரிக்க ஒரே வழி, தூண் தூணாகப் பிரிப்பது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் கதவும் நிலையும் மரவையும் அடுக்கியிருப்பதை இன்றும் பார்க்கலாம். 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. மரபு என்ற சொல்லாடலில் தூணுக்கு இடம் கிடைத்தது. துலக்கிய கைக்கு எந்தப் பட்டியலும் இல்லை.

5

மூன்றாம் நாள் ஓர் அண்டா மிஞ்சியது. நூறு பேருக்கு உலை வைக்கிற அண்டா. ஆச்சி என் அம்மாச்சியைப் பார்த்து, 'நீ எடுத்துக்கடி, நீ துலக்குனதுதான' என்றார். மனசாரத்தான் சொன்னார். அம்மாச்சி அண்டாவைச் சுற்றி ஒருதரம் கையால் அளந்தாள்.

'எங்க வீட்டு வாசல்ல இது நுழையாதே ஆச்சி.'

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதுமையில் சின்ன வீட்டுக்குப் போவது ஒரு சமூகத்தின் சோகக்கதையாக எழுதப்படுகிறது. பிறந்ததிலிருந்தே சின்ன வீட்டில் இருந்தவளுக்குக் கதையே இல்லை. அவளுக்குப் போவதற்கு இன்னும் சின்னதாக எது இருக்கிறது?

அண்டா எடைக்குப் போயிற்று. சிட்டையில் அதை நான் 'விற்றது' என்று எழுதினேன். ஆச்சி எட்டிப் பார்த்து, 'அவளுக்குக் கொடுத்ததுன்னு எழுது தம்பி' என்றார். பணத்தை அம்மாச்சி கையில் கொடுக்கவும் செய்தார். அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். அந்த அடித்தல் இன்னும் அந்தத் தாளில் இருக்கிறது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'வேலைக்காரம்மா' என்று எழுதியிருக்கிறேன். அது என் கையெழுத்து, அவள் என் அம்மாச்சி. முகப்பிலிருந்து எழுதுகிறவர்கள் மற்றவர்கள் என்று நான் தொடங்கியதை இங்கே திருத்திக்கொள்ள வேண்டும்.