மனநோயும் மணப்பாறையிலிருந்து கீழ்ப்பாக்கம் வரையான தூரமும்

மணப்பாறை என்றால் முறுக்கும் மாட்டுச் சந்தையும்தான் பலருக்கு ஞாபகம் வரும். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் 1990-வாக்கில் ஒருவருக்கு மனநிலை பாதித்தால் எங்கே கூட்டிப் போயிருப்பார்கள்? மனநோய்க்கென்றே தமிழக அரசு நடத்தும் பெரிய மருத்துவமனை இருப்பது சென்னை கீழ்ப்பாக்கத்தில். 1794-ல் கம்பெனி காலத்தில் தொடங்கியது. மணப்பாறையிலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல்! கூலி வேலை செய்பவர் என்றால் நோயாளியின் சம்பளத்தோடு துணைக்குப் போகிறவரின் சம்பளமும் போய்விடும்.

அதனால் பலரும் போனது காவிரி வடகரையில் உள்ள குணசீலம் பெருமாள் கோயிலுக்கு. ஒரு மண்டலம், அதாவது 48 நாள் தங்க வைத்து, உச்சிப்பொழுதிலும் இரவிலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராம் குழுவினர் அப்படிச் சொல்லவில்லை. 2000-ம் ஆண்டு அவர்கள் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்தார்கள். மருந்து இல்லாமலே, சராசரியாக ஆறு வாரத்தில் நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. விரட்டாத, பயமுறுத்தாத சூழல்தான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. (ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, 31 பேர் என்பதும் சின்ன எண்ணிக்கைதான். இதை வைத்து மருந்தே வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது!)

எல்லாக் கோயிலும் தர்காவும் அப்படி இருக்கவில்லை என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்காவுக்குப் பக்கத்தில் இருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

மருந்தை ஊருக்குக் கொண்டு போகும் யோசனை அதற்கு முன்பே இருந்தது. கர்நாடகத்தில் பெல்லாரியில் நிம்ஹான்ஸ் அதைச் செய்து காட்டியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கே மனநோயைக் கண்டுபிடிக்கவும் மருந்து கொடுக்கவும் பயிற்சி தருவது, அவ்வளவுதான். அந்த மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் வந்தது 1997-ல், திருச்சி மாவட்டத்துக்கு. ஏர்வாடி இருக்கும் ராமநாதபுரத்துக்கு விரிந்தது 2001-ல்தான்.

ஏர்வாடிக்குப் பிறகு இப்படிப்பட்ட காப்பகங்களை அரசு மூடியது. குணசீலத்தில் மட்டும் வேறு வழி எடுத்தார்கள். அரசு உரிமத்தோடு மனநல மறுவாழ்வு மையம் அமைத்தார்கள். தீர்த்தமும் உண்டு, டாக்டரும் உண்டு.

2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. குறைந்தபட்ச மனநல சேவைகூட ஒரு மாவட்டத்தில் அரசிடம் இல்லையென்றால், அங்கே வேறு இடத்தில் பெறும் சிகிச்சைக்கு அரசே செலவை ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. கடன் வாங்கிக் கீழ்ப்பாக்கம் வரை போனவர்களின் காலத்தில் அது கிடையாது.