பாறு கழுகுகளும் டைக்ளோஃபெனாக்கும்: கேட்கப்படாத ஒரு கேள்வி

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1980களின் நடுப்பகுதியில் ஏராளமாகக் காணப்பட்ட பாறு கழுகுகள், அடுத்த பத்தாண்டுகளில் பெருமளவு மறைந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் இச்சரிவை 1999இல் ஆய்விதழில் பதிவு செய்தார். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் 99.9 விழுக்காடு குறைந்ததாகப் பின்னர் கணக்கிடப்பட்டது.

தொடக்கத்தில் தொற்றுநோய் மீதே ஐயம் எழுந்தது. விடை 2004இல் பாகிஸ்தானின் பஞ்சாபிலிருந்து வந்தது. லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர், உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் படிந்து இறந்த 25 பறவைகளைச் சோதித்தனர். அனைத்திலும் டைக்ளோஃபெனாக் எச்சம் இருந்தது. அத்தகைய படிவு இல்லாமல் இறந்த 13 பறவைகளில் ஒன்றில்கூட அது இல்லை. மனிதருக்கு நெடுங்காலம் வழங்கப்பட்டுவந்த இவ்வலி நிவாரணி, 1990களில் இந்தியக் கால்நடை மருத்துவத்தில் பரவியிருந்தது. சிகிச்சைக்குப் பின் விரைவில் இறந்த மாட்டின் உடலை உண்ட பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்தது.

ஒரு வேதிப்பொருளின் நச்சுத்தன்மை வேறு. அது உயிர்களைச் சென்றடையும் வழி வேறு. சூழல் தீங்கை மதிப்பிட இரண்டும் தேவை. நூறு மாட்டுடல்களில் ஒன்றுக்கும் குறைவானதில் கொல்லும் அளவு மருந்து இருந்தாலே இச்சரிவு நிகழக்கூடும் என்று ரைஸ் கிரீன் குழுவினர் 2004இல் கணித்தனர். ஓர் உடலைப் பல பறவைகள் கூடி உண்கின்றன. ஓர் இணை ஆண்டுக்கு ஒரு முட்டையே இடுகிறது. இவ்விரண்டையும் அறியாமல் மருந்தின் நச்சளவை மட்டும் அறிந்திருந்தாலும் இவ்விளைவை முன்னுணர்ந்திருக்க இயலாது. மாட்டுக்கு இம்மருந்து பாதுகாப்பானதா என்று கேட்கப்பட்டது. மாடு இறந்தபின் அதை உண்பது யார் என்ற கேள்வி மருந்து ஒப்புதல் நடைமுறையில் இடம்பெறவே இல்லை.

2006இல் இந்திய அரசு கால்நடைப் பயன்பாட்டுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. அதே ஆண்டில் மாற்று மருந்தான மெலாக்ஸிகம் பாறுகளுக்குத் தீங்கற்றது என்பது பறவைகளிடத்தே நேரடியாகச் சோதித்து உறுதிசெய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் தொழுவங்களுக்குத் திருப்பப்பட்டதால், 2015இல் ஊசிமருந்துக் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது.

எனினும் மதிப்பீட்டின் முறை மாறவில்லை. மாட்டின் உடலில் டைக்ளோஃபெனாக்காகவே மாறும் அசிக்ளோஃபெனாக், 2023 வரை கால்நடை மருந்தாகச் சட்டப்படி விற்பனையில் நீடித்தது. கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்லும் என்பது 2010க்குள் வெளியாகிவிட்டபோதும், அதற்கான தடையும் 2023இலேயே வந்தது. பாதுகாப்பை நிறுவும் பொறுப்பு மருந்தை விற்போரிடம் இல்லாமல், தீங்கை நிறுவும் சுமை பறவை ஆய்வாளரிடமே இருந்துவந்ததன் விலை இது. புதிய கால்நடை மருந்து ஒவ்வொன்றும் சந்தைக்கு வருமுன் பாறுகளுக்குப் பாதுகாப்பானதா எனச் சோதிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையின் வரலாற்று அடிப்படையும் இதுவே.